குரோம் பூச்சில் புள்ளி விழுந்தால் சீல் தாங்காது

கேள்வி: மோட்டார் சைக்கிளின் முன் ஷொக்கில் ஒயில் சீல் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, திரும்பவும் கசிகிறது. குழாயில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். எமரி போட்டு உரஞ்சலாமா?
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: முரட்டு எமரி வேண்டவே வேண்டாம். குழாயின் மேலுள்ள கடினக் குரோம் பூச்சு ஏறக்குறைய 0.02 மில்லிமீற்றர்தான், தலைமயிரின் தடிப்பில் பாதிகூட இல்லை. சுரண்டினால் உருக்கு வெளியே வந்துவிடும்.

ஒயில் படலம் இருக்கும்வரை சீலின் இரப்பர் உதடு எத்தனை தரம் ஏறி இறங்கினாலும் குரோம் இலேசில் தேயாது. தேய்ப்பது மணல். மணலிலுள்ள குவார்ட்ஸ் குரோமுக்குச் சமமான, சிலவேளை கூடிய கடினம் கொண்டது. அது உதட்டில் புதைந்தால் குழாயில் நெடுங்கோடுகள் விழும்.

உங்கள் புள்ளிகள் உப்பின் வேலை. கடினக் குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இயல்பாகவே உண்டு. உப்பீரம் அவற்றினூடாக இறங்கி உருக்கைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு உருக்கைவிடக் கூடிய இடம் தேவை. அதனால் அது குரோமைத் தள்ளி உடைக்கிறது. அந்தக் கூர் விளிம்புதான் புதுச் சீலையும் கிழிக்கிறது.

பழைய நைலோன் துணியைக் குழாயில் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். சீல் ஓடாத பகுதியில் சிக்கினால் கசிவுக்கு அது காரணமில்லை. ஓடும் பகுதியில் ஓரிரு புள்ளிகள் என்றால், 2000 இலக்கத் தண்ணீர்ப் பேப்பரை ஒயிலில் தோய்த்து விளிம்பை மட்டும், குழாயைச் சுற்றிய திசையில் உரஞ்சுங்கள். நெடுக உரஞ்சினால் ஒவ்வொரு கீறலும் ஒயிலுக்கு வழி. அசிற்றோனால் துடைத்து, குழிக்குள் எப்பொக்சி வைத்து, ஒரு நாள் இறுகவிட்டு மட்டமாக்குங்கள். இது தற்காலிகம்தான். புள்ளிகள் கூட்டமாக இருந்தால் குழாயை மாற்றுங்கள், அல்லது பழைய குரோமை நீக்கி மறுபடி பூசி மூல அளவுக்குச் சாணை பிடிப்பியுங்கள்.

புதுச் சீலை ஏற்றும்போது குழாய் முனையில் பொலித்தீன் சுற்றி ஒயில் பூசுங்கள். கசிந்த ஒயில் பிரேக் பாட்டில் ஊறியிருந்தால் பாட்டை மாற்றாமல் ஓடாதீர்கள். கடற்கரை வீதியில் ஓடிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பைத்தான் திரும்பவும் பூசும்.

கேள்வி: தங்க நிற ஷொக் கூடக்காலம் உழைக்குமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: எந்தப் பாகம் தங்க நிறம் என்று பாருங்கள். தடித்த வெளிக்குழாய் மேலே இருக்கும் தலைகீழ் ஷொக்குகளில் பெரும்பாலும் அது வெளி அலுமினியக் குழாயின் நிறம். சீல் அதில் உரசுவதேயில்லை. சீல் ஓடும் குழாயிலேயே தைத்தானியம் நைத்திரைட்டு என்ற தங்க நிறக் கடினப் பூச்சு இருந்தால் மணல் இலேசில் கீறாது. ஆனால் அந்தப் பூச்சு ஒருசில மைக்ரோன்தான் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு). அடியிலுள்ள உலோகம் துருப்பிடித்தால் அதுவும் உரியும்.