டிசம்பரிலும் பூக்கும் மில்க்வீட்: வைத்திருக்கலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மோனார்க் பட்டாம்பூச்சிக்காக, அதன் புழுக்கள் தின்னும் மில்க்வீட் செடி வைத்தேன். டிசம்பரிலும் பூக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பிடுங்கிப் போடச் சொல்கிறார். ஏன்?

பதில்: அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

முதலில் செடியைப் பாருங்கள். சிவப்பு இதழ், நடுவில் மஞ்சள், வழவழப்பான தண்டு, இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் என்றால் அது வெப்பமண்டல மில்க்வீட். பூ முழுக்க ஆரஞ்சு, தண்டில் ரோமம், கிள்ளினால் பால் வராது என்றால் ட்யூபரோசா என்ற மில்க்வீட் வகை. அது உள்ளூர்ச் செடிதான், கவலையில்லை.

டிசம்பரில் பூப்பதால் உங்களுடையது முதல் வகையாகத்தான் இருக்கும். உள்ளூர் வகைகள் குளிர்காலத்தில் காய்ந்து, வசந்தத்தில் புதிதாகத் துளிர்க்கும். வெப்பமண்டல வகையோ ஹூஸ்டன் குளிரில் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். சிக்கலே அங்கேதான். மோனார்க்கைத் தாக்கும் 'ஓஇ' என்ற ஒட்டுண்ணி உண்டு. நோயுள்ள தாய் முட்டையிட வரும்போது அதன் உடம்பிலிருந்து ஒட்டுண்ணியின் வித்துகள் (கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள்) இலையில் உதிரும். புழு இலையோடு சேர்த்து அதையும் தின்னும். நோய் முற்றினால் கூட்டைவிட்டு வரும் பூச்சியின் சிறகு விரியாமல் சுருண்டே போகும். இலை காயாத செடியில் வித்துகள் சேர்ந்துகொண்டே போகும். அதோடு, குளிர்காலத்தைக் கழிக்க மெக்சிகோ மலைக்காடுகளுக்குப் போக வேண்டிய பூச்சிகளில் சில இங்கேயே தங்கி முட்டையிடத் தொடங்கிவிடும்.

அதனால் அக்டோபர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து அரையடி விட்டு வெட்டிவிடுங்கள். மறுபடி துளிர்க்கும், பிப்ரவரி வரை வெட்டிக்கொண்டே இருங்கள்.

புதிதாக வைப்பதென்றால் என் தேர்வு இன்கார்னாட்டா அல்லது பெரென்னிஸ் என்ற உள்ளூர் மில்க்வீட் வகைகள். இரண்டும் ஈரம் தாங்கும், ஹூஸ்டன் களிமண்ணுக்குத் தோது. ட்யூபரோசாவுக்குத் தண்ணீர் தேங்காத மேடு வேண்டும். இன்கார்னாட்டாவை விதையிலிருந்து வளர்ப்பதானால், விதையை ஈரத் துணியில் சுற்றி ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விதையுங்கள். ஒன்றிரண்டு செடி போதாது. நாலைந்து புழு சேர்ந்தால் ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடும்.

நர்சரியில் பூச்சிமருந்து போட்ட செடியா என்று கட்டாயம் கேளுங்கள். மஞ்சள் அசுவினி வந்தால் மருந்து வேண்டாம், தண்ணீரைப் பீய்ச்சினால் போதும். அப்புறம், வெட்டிய கையோடு கண்ணைத் தொடாதீர்கள். நம்மூர் எருக்கும் இதே குடும்பம்தான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்னாகும் என்று உங்களுக்கே தெரியும்.