ஆறாத கால் புண்: கொலாஜன் ஷீட் வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. 15 வருடங்களாகச் சர்க்கரை நோய். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே வந்த புண் 4 மாதமாகியும் ஆறவில்லை. தினமும் கட்டு மாற்றுகிறோம். இப்போது கொலாஜன் ஷீட் வைக்கச் சொல்கிறார்கள். செலவு அதிகம். பலன் இருக்குமா?

பதில்: பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள், அப்பா அந்தக் காலை ஊன்றி நடக்கிறாரா? பாதம் மரத்துப்போனவர்களுக்கு வலி தெரியாது. புண்ணின் மேலேயே மிதித்து நடப்பார்கள். ஒவ்வோர் அடியிலும் புதுச் சதை நசுங்கும். அதன் மேல் எந்த ஷீட்டை வைத்தும் பயனில்லை.

ஷீட் என்ன செய்கிறது? கொலாஜன் என்பது தோலுக்கும் சதைக்கும் உறுதி தரும் புரதம். மாதக்கணக்கில் ஆறாத புண்ணில், புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் அளவுக்கு மீறித் தேங்கிவிடும். உடல் புதிதாக உண்டாக்கும் கொலாஜனை அவையே அரித்துவிடும். வெளியிலிருந்து கொலாஜன் வைத்தால் நொதிகள் முதலில் அதைத் தின்னும், உடலின் சொந்தத் திசு தப்பிக்கும். கொடிக்குப் பந்தல் போல, புதுச் செல்கள் பற்றி வளர ஒரு பிடிமானமும் கிடைக்கும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய கொலாஜன் கட்டுகளில் ஆய்வு செய்திருக்கிறது. இது பெரும்பாலும் மாடு போன்ற விலங்குகளிடமிருந்து எடுக்கப்படுவது. ஒவ்வாமையோ மதரீதியான தயக்கமோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

அழுகிய சதையின் மேலும் சீழின் மேலும் இதை வைக்கக் கூடாது. முதலில் புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். காலுக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று டாப்ளர் பரிசோதனையும், எலும்பு வரை கிருமி போயிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, கிருமித் தொற்றும் இல்லையென்றால், முழங்கால் வரை ஒரு சிறப்பு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைக் குறைக்கலாம். என் கணக்கில் ஷீட்டைவிட இதுதான் முக்கியம். புண் ஆறியபின் எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் உள்தளம் கொண்டது) போட வேண்டும், வீட்டுக்குள்ளும்தான்.

அப்புறம், காற்றாட விட்டால் புண் காயும் என்று திறந்து வைக்காதீர்கள். அளவான ஈரத்தில்தான் தோல் வேகமாக வளரும்.

வாரம் ஒருமுறை ஸ்கேலால் புண்ணை அளந்து எழுதி வையுங்கள். 4 வாரத்தில் பரப்பளவு பாதியாகக் குறையாவிட்டால், அதே ஷீட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்காமல் சிகிச்சையை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். விரல் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, சிவப்பு மேலே பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.