புல்லி முட்டிடுச்சு, சுருக்கம் மட்டும் போகல: பழைய விண்ட்சர்ஃபிங் செயிலை எப்படி கட்டுறது?

கொடைக்கானல் நாயுடுபுரத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல 5.7 சதுர மீட்டர் செயில் (பாய்), 400 செ.மீ. மாஸ்ட் (பாய்மரக் கம்பம்), அடில சொருகி நீளம் கூட்டுற 30 செ.மீ. எக்ஸ்டென்ஷன், கையில பிடிக்கிற பூம் எல்லாம் சேர்த்து வாங்கினேன். ஆடி மாசம் மண்டபம் போறதுக்கு முன்னாடி வீட்டு வாசல் புல்லுல கட்டிப் பாத்தேன். மாஸ்ட் ஓரமா குறுக்குக் குறுக்கா சுருக்கம், மேல பகுதி தப்பு மேளம் மாதிரி டைட்டா நிக்குது. கீழ செயில் புல்லியும் எக்ஸ்டென்ஷன் புல்லியும் முட்டிடுச்சு, இனிமே இழுக்க இடமே இல்ல. அவுட்ஹாலை (செயிலை பூம் கடைசிக்கு இழுக்குற கயிறு) இழுத்து இழுத்துப் பாத்தேன், ஒண்ணும் மாறல. செயில் போச்சா?"

செயில் போகல தம்பி. நீங்க அனுப்பின போட்டோல செயிலோட அடிப்பக்கம் அச்சடிச்சிருக்கிறதைப் பெருசாக்கிப் பாத்தேன், லஃப் (மாஸ்ட் ஓரத்து நீளம்) 434, பூம் 178, மாஸ்ட் 430-ன்னு, எல்லாம் செ.மீ.ல, தெளிவா இருக்கு. உங்ககிட்ட இருக்கிறது 400 மாஸ்ட், அதோட 30 எக்ஸ்டென்ஷன், ஆக மொத்தம் 430 தான் வருது, செயில் கேக்குறது 434. அந்த 4 செ.மீ. தான் உங்க சுருக்கம். புல்லி முட்டின பிறகு நீங்க இழுக்குற இழுப்பெல்லாம் கயித்துக்குத்தான் போகுது, செயிலுக்குப் போகல. பழைய சாமான் வாங்குறவங்க முதல்ல செய்ய வேண்டியது இந்தக் கூட்டல் தான், மாஸ்ட் நீளம் கூட்டல் எக்ஸ்டென்ஷன், அது லஃப் நம்பருக்கு வரணும்.

34-க்கு மேல போற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு வாங்கினா கணக்கு சரியாயிடும், ஆனா நான் அதைச் சொல்ல மாட்டேன். 430 மாஸ்ட் பொதுவா 21 ஸ்டிஃப்னஸ், 400 மாஸ்ட் 19, நம்பர் கூடக் கூட விறைப்பும் கூடும். 430-க்குன்னு வெட்டித் தச்ச செயிலை 400-ல கட்டுனா மாஸ்ட் அதிகமா வளையும், கொஞ்சம் காத்து ஏறுனதுமே செயில் வடிவம் குலைஞ்சு பின் கையில இழுக்க ஆரம்பிச்சிடும். உங்க உடம்பு ரொம்ப லேசா இருந்தா ஒருவேளை சமாளிக்கலாம். முடிஞ்சா பழைய 430 மாஸ்ட் ஒண்ணு தேடுங்க, எக்ஸ்டென்ஷனை 4-ல வையுங்க, 434 அப்படியே உக்காந்துடும். தேடும்போது ரெண்டு விஷயம் பாருங்க, ஒண்ணு தடிமன், மெல்லிசு மாஸ்டுக்கு அடி உள்விட்டம் கிட்டத்தட்ட 32 மி.மீ., பழைய தடி மாஸ்டுக்கு 48, எக்ஸ்டென்ஷனும் பூம் கிளாம்ப்பும் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். இன்னொண்ணு, மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே கம்பெனி ஒரே மாடலான்னு எழுத்தைப் படிங்க. வேற வேற மாஸ்டோட பாதிகளைச் சேர்த்து விக்கிறது ரொம்ப சாதாரணமா நடக்குது, சொருகுனா சொருகிடும், ஆனா வளைவு உடைஞ்சு போயிருக்கும், அதுல எந்தச் செயிலும் சரியா நிக்காது. பூம் பிடிக்கிற இடத்துலயும் நடு ஜாயிண்ட்லயும் நகத்தால தடவிப் பாருங்க, மயிரிழை விரிசல் தட்டுப்பட்டா அதை வாங்காதீங்க.

இப்ப கட்டுற வரிசை. ஜாயிண்ட்டை ஈரத்துணியால துடைச்சு மண் இல்லாம சொருகி, மேல எலக்ட்ரிக்கல் டேப் ஒரு சுத்து சுத்துங்க, மணல் உள்ள போனா சாயங்காலம் ரெண்டு பேரு சேர்ந்து முறுக்குனாலும் கழலாது. மாஸ்டை லஃப் உறைக்குள்ள நுழைக்கும்போது நுனி மேல தொப்பில முழுசா உக்காந்திருக்கான்னு கைவச்சுப் பாருங்க. செயிலைக் கீழ இழுக்குற டவுன்ஹால் கயிறு புல்லிகள்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, குறுக்கே போகாம பக்கம் பக்கமா ஓடணும், இதுல கவனம் இல்லாததாலயே பாதிப் பேரு "என்னால இழுக்க முடியல"ன்னு சொல்றாங்க. பழைய கயிறு கூட வந்திருந்தா தூக்கிப் போட்டுட்டு, நீட்சி இல்லாத 4 மி.மீ. டைனீமா கயிறு புதுசா போடுங்க, மொத்த செட்டுலயே விலை குறைஞ்ச சாமான் அதுதான்.

முதல்ல டவுன்ஹாலை முக்கால்வாசி இழுத்து, பூமை மாட்டி, அவுட்ஹாலை லேசா பிடிச்சு, அப்புறம் மறுபடி டவுன்ஹால். கால் பாதத்தை மாஸ்ட் அடில முட்டுக் கொடுத்து முதுகை நேரா வச்சு மொத்த உடம்பாலயும் இழுங்க, கையால மட்டும் இழுத்தா வராது. எதுவரைக்கும்? செயில் தரையில படுத்திருக்கும்போது மேல ரெண்டு மூணு பேட்டனுக்கு (செயிலை விறைப்பா வைக்கிற குறுக்குக் குச்சி) இடையில பின் ஓரம், அதாவது லீச், தொளதொளன்னு ஆடணும். புதுசா பழகுறவங்களுக்கு இது பாக்கவே பயமா இருக்கும், செயிலைக் கெடுத்துட்டோமோன்னு தோணும், இல்ல, அப்படித்தான் இருக்கணும். திடீர்னு ஒரு காத்து அடிச்சா அந்தத் தொளதொளப்பு வழியா மேல் பகுதி திறந்து காத்தை விட்டுடும், அது டைட்டா இருந்தா மொத்த அடியும் உங்க கைக்கு வரும். சில செயில்ல தொளதொளப்பு எங்க வரைக்கும் வரணும்னு புள்ளியே போட்டிருப்பாங்க. பேட்டன் நுனி மாஸ்டைத் தாண்டி பக்கவாட்டுல ரொம்பத் துருத்திக்கிட்டு இருந்தாலும் இன்னும் டவுன்ஹால் வேணும்னு அர்த்தம். ஒரு எச்சரிக்கை, இதெல்லாம் இப்பத்திய வெட்டு செயிலுக்கு. 80-கள்ல வந்த பழைய செயில் கிடைச்சா இப்படி இழுக்காதீங்க, அது இதுக்குன்னு தச்சது இல்ல, கிழிஞ்சிடும்.

அவுட்ஹாலுக்கு கொஞ்சம் தான் வேணும். பூமை 180-ல வச்சீங்கன்னா 2 செ.மீ. இழுக்க இடம் இருக்கும், காத்து பிடிச்ச செயில் பூமைத் தொட்டும் தொடாம நிக்கணும். கடைசியா பேட்டன், பாக்கெட்டுக்குக் குறுக்கே வர்ற சின்னச் சுருக்கம் போற வரைக்கும் திருகுனா போதும்.

இன்னொண்ணு கேட்டிருந்தீங்க, வாசல்ல நிமித்திப் பிடிச்சா இழுப்பே இல்ல, பெரிய செயில் வாங்கணுமான்னு. வேண்டாம். நம்ம கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம், இங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விடக் கிட்டத்தட்ட 5-ல் 1 பங்கு கம்மி, அதே வேகத்துல அடிச்சாலும் இழுப்பு அந்த அளவு குறையும். போதாததுக்கு யூகலிப்டஸ் மரத்துல மோதி உடைஞ்சு வர்ற காத்து. மண்டபத்துல மீனவங்க கச்சான்னு சொல்ற தென்மேற்குக் காத்து வந்தா இதே 5.7 வேற ஆளா இருக்கும். மலைல கட்டிப் பழகுங்க, சைஸை மட்டும் கீழ போய் முடிவு பண்ணுங்க.

வெயில் விஷயமும் சொல்லிடறேன். இங்க குளுகுளுன்னு இருக்கேன்னு செயிலைப் புல்லுல விரிச்சு மதியம் வரைக்கும் விட்டுடாதீங்க, உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிர் கூடுது, கண்ணாடி மாதிரி இருக்கிற மோனோஃபிலிம் அதுலதான் மஞ்சளாகி மொடமொடன்னு உடையுது. ஈரத்தோட சுருட்டி வச்சாலும் நம்ம பனிமூட்டத்துல லஃப் துணி பூசணம் பிடிச்சிடும், வீட்டுக்குள்ள நிழல்ல காய வச்சு சுருட்டுங்க.

நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா எனக்கு இதுதான் பெரிய கவலை. மாஸ்டையும் போர்டையும் சேக்குற ரப்பர் ஜாயிண்ட். உங்க போட்டோல அது வெளிறிப் போயிருக்கு. அதைக் கழட்டி நல்லா மடக்கிப் பாருங்க, மடிப்புல வெடிப்புக் கோடு தெரிஞ்சா அதோட கடலுக்குப் போகவே கூடாது. எனக்கு ஒரு தடவை கரையிலேர்ந்து ரொம்பத் தள்ளி அது அறுந்து போச்சு, செயில் ஒரு பக்கம் போர்டு ஒரு பக்கம், காத்து வெளிய தள்ளுது, அந்தப் பக்கம் வந்த வல்லத்துக்கார அண்ணன் ஒருத்தர் கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாரு. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நான் பட்ட பயத்தை நீங்க படவேண்டாம். புது ரப்பர் மாத்துங்க, பக்கத்துலயே பாதுகாப்பு வார் ஒண்ணு இருக்கிற மாடலா வாங்குங்க, லைஃப் ஜாக்கெட் இல்லாம இறங்காதீங்க.

430 மாஸ்ட் கிடைச்சதும் கட்டிட்டு, செயிலைத் தரையில போட்டு தலைப் பக்கத்துலேர்ந்து ஒரு போட்டோவும், அடிப் புல்லிகிட்ட ஒண்ணும் எடுத்து அனுப்புங்க தம்பி, எத்தனை செ.மீ. இன்னும் இழுக்கணும்னு பாத்துச் சொல்றேன்.