மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனி மைதானமும் தனிப் போட்டிகளும் அமைத்துக் கொடுத்தால் போதாதா?

போதாது என்பதே என் பதில். ஆயினும் தனி ஏற்பாடுகளே கூடாது என்று நான் வாதிடவில்லை. பார்வையற்ற நண்பர் ஒருவருக்கு வழிகாட்டியாக, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உடன் ஓடுபவன் நான். அந்தப் பழக்கத்தில் எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு: ஒருவர் விளையாட முடியாமல் போவதற்கு அவருடைய உடலைவிட, விளையாட்டை நாம் அமைத்து வைத்திருக்கும் விதமே பெரிய காரணம். விதிகள் மனிதர் வகுத்தவை. ஆகவே மனிதர் மாற்றவும் கூடியவை.

சக்கர நாற்காலி டென்னிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் அமெரிக்காவில் பிராட் பார்க்ஸ் என்பவரின் முயற்சியில் உருவாகி, 1992 பார்சிலோனா பாராலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய விளையாட்டாக இடம்பெற்ற இந்த ஆட்டத்துக்கு, ஆடுகளத்தின் அளவோ வலையின் உயரமோ மட்டையோ பந்தோ எதுவும் மாற்றப்படவில்லை. பந்து இருமுறை தரையில் படலாம் என்பதுதான் முக்கியமான மாற்றம். இதைவிட எனக்குப் பிடித்தது இதன் நீட்சி: சக்கர நாற்காலியில் இருப்பவரும் நின்று ஆடுபவரும் ஒரே ஆட்டத்தில் எதிரெதிராகவோ இணையாகவோ ஆடலாம், முன்னவருக்கு இருமுறை, பின்னவருக்கு ஒருமுறை என்று விதி இடம் தருகிறது. இதற்குத் தனி மைதானம் எதற்கு? உடன் ஆட ஒருவரும், மைதானத்துக்குள் படியில்லாத வழி ஒன்றும் இருந்தால் போதும்.

விதி இன்னும் ஆழமாகவும் வேலை செய்யும் என்பதற்குச் சக்கர நாற்காலி ரக்பி நல்ல சான்று. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கைகளிலும் வலிமை குறைந்தவர்களுக்காக 1970-களில் கனடாவில் தோன்றிய ஆட்டம் இது. ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய இயக்கத் திறனைப் பொறுத்து 0.5 முதல் 3.5 வரை புள்ளி தரப்படுகிறது. களத்தில் நிற்கும் நால்வரின் மொத்தம் பொதுவாக 8-ஐத் தாண்டக்கூடாது. இதன் விளைவைச் சற்று நிதானித்துப் பாருங்கள். தலா 2.5 புள்ளி பெற்ற மூன்று வலிமையான வீரர்களைக் களமிறக்க விரும்பும் அணிக்கு, மிகக் குறைந்த இயக்கத்திறன் உடைய ஒருவர் கட்டாயம் தேவைப்படுகிறார். எதிரணியினரின் நாற்காலியை மறித்து நிறுத்தி வழி உண்டாக்கும் அவருடைய வேலை, ஆட்டத்தின் உத்தியிலேயே ஒரு பகுதியாகிவிடுகிறது. யாரும் இரக்கப்பட்டு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை; அவர் இல்லாமல் அணி அமையாது. பள்ளிகளில் பிள்ளைகள் அணி பிரிக்கும்போது கடைசியில் யாரும் கூப்பிடாமல் நிற்கும் குழந்தைக்கு, இப்படியொரு விதி எவ்வளவு செய்யும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

தனி விளையாட்டுகளின் அருமையும் எனக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946-இல் உருவாக்கப்பட்ட கோல்பால், வேறெந்த விளையாட்டின் மாற்று வடிவமும் அன்று. தொடக்கத்திலிருந்தே செவியை நம்பி வடிவமைக்கப்பட்டது. 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் பக்கத்துக்கு மூவர். மணிகள் வைத்த, 1.25 கிலோ எடையுள்ள பந்து உருண்டு வரும் ஒலியை வைத்து, அது கோலுக்குள் போகாமல் உடலைக் கிடத்தித் தடுக்க வேண்டும். கோடுகளின் அடியில் நூல் வைத்து ஒட்டியிருப்பதால், தான் நிற்கும் இடத்தை விரலாலும் பாதத்தாலும் அறிய முடியும். ஓரளவு பார்வை எஞ்சியிருப்பவர் உட்பட எல்லாரும் கண்மறைப்பு அணிவதால், அந்தக் களத்தில் பார்வை என்ற சலுகை யாருக்கும் கிடையாது. காது கேளாதோருக்கான சர்வதேசப் போட்டிகள் 1924-இல் பாரிஸில் தொடங்கி இன்றும் பாராலிம்பிக்கிலிருந்து தனியாகவே நடக்கின்றன. சைகை மொழியே பொதுமொழியாக இருக்கும் ஓர் இடத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் நிம்மதியை, கலப்பு அணி ஒன்றில் ஓரமாக நிற்பது ஈடுசெய்யாது.

ஆகவே தனியா, பொதுவா என்று நாம் தீர்மானிப்பதே தவறு, தேர்வு விளையாடுபவருடையது. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவும் இரண்டையுமே கேட்கிறது: பொது விளையாட்டுகளில் எல்லா நிலைகளிலும் பங்கேற்க ஊக்கம், தமக்கென விளையாட்டுகளை அமைத்துக்கொண்டு நடத்தவும் ஆடவும் வாய்ப்பு. மாற்றுத்திறன் உடைய குழந்தைகள் பள்ளியில் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட வழி இருக்க வேண்டும் என்பதையும் அது தனியே குறிப்பிடுகிறது. தனி மைதானம் மட்டும் கட்டிவிட்டு, மற்ற எல்லா மைதானங்களின் கதவையும் அடைத்து வைத்தால், அங்கே தேர்வு என்பதே இல்லை.

பதக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் சுமார் 4,400 வீரர்கள் பங்கேற்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குறிப்பிடத்தக்க உடற்குறையோ பிற குறையோ உடையவர்கள் ஏறத்தாழ 130 கோடிப் பேர். அந்த வீரர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் எஞ்சிய கோடிக்கணக்கானோருக்கு வேண்டியது, மாலையில் கொஞ்சம் வியர்க்க விளையாடிவிட்டு வீடு திரும்பும் எளிய வசதி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மாற்றுத்திறனாளிகளான பெரியவர்களுக்கும் அதே அளவைத்தான் பரிந்துரைக்கிறது. சாதனை புரிய விரும்பாதவருக்கும் விளையாட உரிமை உண்டு.

சேர்த்துக்கொள்ளத் தயங்குவோர் பெரும்பாலும் சொல்லும் காரணம் ஆபத்து. அக்கறையிலிருந்து வரும் சொல்தான். ஆனால் விவரமில்லாத அச்சம் ஒருவரை வீட்டிலேயே இருத்திவிடும். தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயம்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது; எனவே வெயிலில் உடல்சூடு விரைவில் ஏறிவிடும். இதை அறிந்த பயிற்சியாளர் நிழலும் இடையிடையே ஓய்வும் ஏற்பாடு செய்து, தோலில் தெளிக்கத் தண்ணீர் வைத்திருப்பார். அறியாதவர் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

அறிவதற்கு நேரான வழி, விளையாட வருபவரையே கேட்பதுதான். இங்கேதான் எனக்கு மிகுந்த வருத்தம். ஓட்டப் போட்டிகளுக்குப் பதிவு செய்யப் போகும்போது, மேசைக்கு அப்பால் இருப்பவர் என் நண்பரின் பெயரையும் வயதையும் என்னிடம் கேட்கிறார். அவர் பக்கத்திலேயே நிற்கிறார், அவருக்கு நன்றாகக் காது கேட்கிறது. ஓட்டத்தில் எந்தப் பக்கம் நான் வர வேண்டும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதா விரலில் மாட்டிக்கொள்வதா, மேடு பள்ளத்தை எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பவற்றையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்தவர் அவர். வேகத்தை முடிவு செய்பவரும் அவரே. வழிகாட்டி இழுத்துச் செல்லக்கூடாது. இலக்குக் கோட்டை அவருக்கு முன்னால் தாண்டவும் கூடாது.

நீங்கள் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தையோ விளையாட்டுக் குழுவையோ நடத்துபவர் என்றால், கட்டடத்தை இடித்துக் கட்டும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த வாசலில் சாய்தளம் இருக்கிறது, கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா, உடன் வரும் உதவியாளருக்குக் கட்டணம் உண்டா, யாரை அழைத்து விவரம் கேட்கலாம் என்பவற்றை உங்கள் அறிவிப்பிலேயே எழுதுங்கள். சாய்தளம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். இத்தனை படிகள் உள்ளன, கைப்பிடி இந்தப் பக்கம் உள்ளது என்று தெரிந்தால், வருவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானித்துக்கொள்வார்.