பெரிய நகரத்தில் நல்ல டீக்கடையைக் கண்டுபிடிப்பது எப்படி? கேள்வி பதில்

வேலை மாறிப் பெரிய நகரத்துக்கு வந்திருக்கேன். திரும்பிய பக்கமெல்லாம் டீக்கடை. நல்லதை எப்படித் தேடுறது?

இணையத்தில் கடைக்கு விழுந்த நட்சத்திரத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் இருக்கைக்கும் கேக்குக்கும் விழுந்த மதிப்பெண். விமர்சனங்களுக்குள் ‘கசப்பு’, ‘இலை’ என்று தட்டித் தேடுங்கள். அடுத்து, வந்தவர்கள் எடுத்த படங்கள். கோப்பையில் டீ பையின் நூல் தொங்குகிறதா, பக்கத்தில் இலைத் தேநீருக்கான வடிகட்டி இருக்கிறதா? மெனு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ‘டார்ஜிலிங்’ என்று மட்டும் போடும் கடை வேறு, ‘டார்ஜிலிங், முதல் பறிப்பு’ என்று போடும் கடை வேறு. முதல் பறிப்பு, அதாவது மார்ச், ஏப்ரலில் பறித்த இலை, வெளிர் நிறத்தில் பூ மணத்தோடு இறங்கும். மே, ஜூனில் பறித்தது அடர்த்தியாக, பழ மணத்தோடு வரும். இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த இடத்துக்குத் தாராளமாகப் போகலாம்.

மெனுவில் 60 வகை இருந்தால் நல்ல கடைதானே?

எனக்கு அது எச்சரிக்கை மணி. அத்தனையும் வேகமாக விற்றுத் தீராது. காற்று, வெளிச்சம், ஈரம், பக்கத்துப் பொருளின் வாடை, எல்லாமே தேயிலைக்கு எதிரி. வெயில் படும் அலமாரியில் கண்ணாடி ஜாடிகளை அடுக்கியிருந்தால் அங்கே கிரீன் டீ கேட்காதீர்கள்.

கிரீன் டீ எங்கே குடிச்சாலும் கசக்குது சார். எனக்குத்தான் ஒத்துக்கலையா?

உங்கள் நாக்கில் குறையில்லை, கடையின் தண்ணீரில்தான். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் இலையிலுள்ள கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருளும் காஃபீனும் மளமளவென்று இறங்கிவிடும். கசப்பும் துவர்ப்பும் அங்கிருந்துதான். 200 மில்லிக்கு 2 முதல் 3 கிராம் இலை, 70 முதல் 80 டிகிரி, 2 நிமிடம் போதும். ஆர்டர் கொடுக்கும்போதே ‘தண்ணி எவ்வளவு சூடு?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இலையையும் தண்ணீரையும் தனித்தனியாக, கூடவே இரண்டு காலிக் கோப்பைகளும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறிய கோப்பைக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் சுமார் 10 டிகிரி குறையும். இரண்டு தடவை மாற்றி, பிறகு இலையில் ஊற்றுங்கள். நேரம் ஆனதும் இலை வெளியே வந்துவிட வேண்டும். இலையை எடுக்க வழியில்லாத கெண்டியில் கொடுத்தால் கடைசிக் கோப்பை கசந்தே தீரும்.

பிளாக் டீக்கு நேர்மாறு: 95 டிகிரிக்கு மேல், 3 முதல் 5 நிமிடம். ஆறிய தண்ணீரைக் கொடுத்தால் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.

பால் டீக்கு என்ன பார்க்கணும்?

ஆர்டர் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் அடுப்பைப் பாருங்கள். சி.டி.சி. தூள் (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணைத் தேயிலை) சில நிமிடங்களிலேயே சாரம் முழுவதையும் விட்டுவிடும். அதே டிகாக்‌ஷன் சூட்டிலேயே கிடந்தால் மணம் பறந்து கடுப்பு மட்டும் மிஞ்சும். கடைக்காரர் பழைய தூளைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுகிறாரா, பழையதன் மேலேயே அள்ளிப் போடுகிறாரா? இந்த ஒன்றைக் கவனித்தாலே போதும். பாலில் அடிப்பிடித்த வாடை வந்தால் சர்க்கரை, ஏலக்காய் எதுவும் அதை மறைக்காது. கூட்ட நேரத்தில் போனால் புது டிகாக்‌ஷன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பிளாக் டீ மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் மிதக்குது. கோப்பை கழுவலையா?

பெரும்பாலும் அது கடினநீரின் வேலை. தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேநீரின் பாலிஃபீனாலோடு (கேட்டச்சின் போன்ற பொருள்கள்) சேர்ந்து படலமாகும். கோப்பையைச் சாய்த்தால் ஏடு போல விரிசல் விட்டு ஓரத்தில் பழுப்பாக ஒட்டும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சுவை மங்கிப்போகும். கடையில் வடிகட்டிய தண்ணீரா என்று கேளுங்கள். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் படலம் குறையும்.

‘ஆரஞ்சு பீக்கோ’வில் ஆரஞ்சு இருக்கா?

இல்லை. அது இலையின் தரப் பெயர்.

ஊலாங் விலை அதிகமா இருக்கே, வாங்கலாமா?

ஊலாங், கிரீன் டீக்கும் பிளாக் டீக்கும் நடுவிலான வகை. சுடுதண்ணீரை மறுபடி மறுபடி நிரப்பித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். சின்னக் கெண்டியில் 100 மில்லிக்கு 5 கிராம் போட்டு, முதல் தடவை 20 முதல் 30 வினாடி, பிறகு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனால் நல்ல இலை ஐந்தாறு தடவை தாங்கும். ஒரே கோப்பையோடு முடிக்கும் கடையில் அந்த விலை கொடுக்காதீர்கள்.