இடிக்கப்பட்ட யூத ஜெப ஆலயங்களை ஐரோப்பிய நகரங்கள் இன்று எவ்வாறு நினைவுகூர்கின்றன?

எல்லா நகரங்களுக்கும் பொதுவான விடை கிடையாது என்பதால், நான் வசிக்கும் மியூனிக்கின் தலைமை ஜெப ஆலயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆல்பர்ட் ஷ்மிட் வடிவமைத்து 1887-இல் திறக்கப்பட்ட அந்த ஆலயம், நகரின் கத்தோலிக்கப் பேராலயத்துக்கு வெகு அருகில், அதற்குச் சற்றும் குறையாத மிடுக்குடன் நின்றது. ஜெர்மனியின் ஜெப ஆலயங்கள் 1938 நவம்பர் 9 இரவில் எரிக்கப்பட்டவை என்றே நம்மில் பலர் படித்திருக்கிறோம். இதுவோ அதற்கு ஐந்து மாதங்கள் முன்பே, ஹிட்லரின் உத்தரவின்பேரில், ஒப்பந்தக்காரரை அமர்த்திப் பட்டப்பகலில் இடிக்கப்பட்டது. ஜூன் 8 அன்று தகவல் கிடைத்த யூதர்கள் அன்று மாலையே கடைசி வழிபாட்டை நடத்தி, தங்கள் வேதமான தோராவின் சுருள்களுடன் வெளியேற, மறுநாள் இடிப்பு தொடங்கியது. அந்த இடம் வாகன நிறுத்துமிடமாயிற்று. 1933-இல் நகரில் சுமார் 9,000 யூதர்கள் இருந்தனர். பலர் நாட்டைவிட்டுச் சென்றுவிட, எஞ்சியவர்களில் ஏறத்தாழ 1,000 பேர் 1941 நவம்பர் 20 அன்று லிதுவேனியாவின் கௌனஸுக்கு ரயிலில் அனுப்பப்பட்டு, ஐந்தே நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

2023 கோடையில், மியூனிக் வழியே ஓடும் ஈசர் ஆற்றின் தடுப்பணையைப் பழுதுபார்த்தவர்கள், நீருக்கடியில் அந்த ஆலயத்தின் தூண் துண்டுகளையும் பத்துக் கட்டளைகள் பொறித்த கற்பலகையின் பகுதியையும் கண்டெடுத்தனர். இடிபாடுகள் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்து, 1956-இல் அணையைச் செப்பனிடும் கற்களோடு ஆற்றில் கொட்டப்பட்டிருக்கின்றன. 1938-ஐவிட 1956-தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது: போர் முடிந்து பதினோரு ஆண்டுகளாகிவிட்டன, யாரும் யாருக்கும் உத்தரவிட்டு அஞ்ச வைக்கவில்லை, எபிரேய எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் கல்லைக்கூட அணைக்குத் தோதான கல்லாகவே பார்த்திருக்கிறார்கள்.

ஆலயம் இருந்த இடத்தில் 1969-இல் ஒரு நினைவுக்கல் நிறுவப்பட்டது. கடைகளுக்கு விரைபவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. 2006 நவம்பர் 9 அன்று திறக்கப்பட்ட புதிய ஜெப ஆலயத்தின் நிலத்தடி நடைவழியில், கொல்லப்பட்ட மியூனிக் யூதர்கள் 4,500-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. என்னைக் கேட்டால் நினைவுச் சின்னம் என்று சொல்லத் தக்கது அதுவே. கட்டடத்தைப் பேசிவிட்டு மனிதர்களை விட்டுவிடும் வழக்கம் அங்கே இல்லை. மீட்கப்பட்ட கற்களைக் காட்சிக்கு வைக்கும்போது, அவை எங்கே, எந்த ஆண்டில், எந்த வேலைக்காகக் கொட்டப்பட்டன என்பதையும் இடிப்பின் கதைக்கு இணையான அளவில் எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.