கல் கேள்வி – பதில்: மணற்கல்தானா?

கேள்வி: திண்ணைக்குப் போட மஞ்சள் கல் வாங்கினோம். மணற்கல் என்கிறார் கடைக்காரர். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? (வாசகி, திண்டிவனம்)

பதில்: முடியும். நிறத்தை நம்ப வேண்டாம். மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடின் கைவேலை. ஓரத்தில் ஒரு சில்லு உடைத்து, உடைந்த முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கற்கண்டுத் தூளை அழுத்தி வைத்தாற்போல், 0.06 முதல் 2 மில்லிமீட்டர் வரையிலான மணிகள் தெரிந்தால் மணற்கல். கருங்கல்லில் மணிகள் ஒன்றோடொன்று கோத்து இறுகியிருக்கும். இடையில் பசை இராது.

மணற்கல்லில் மணிகளை ஒட்டி வைத்திருப்பது இயற்கைப் பசை. அந்தப் பசைதான் கல்லின் ஆயுள். கத்தியால் சுரண்டுங்கள். மணி மணியாக உதிர்ந்தால் பசை பலவீனம், திண்ணைக்கு வேண்டாம். சுரண்டிய தூளில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புப் பசை, அல்லது கல்லே சுண்ணாம்புக்கல். எது என்று அறிய, தூளை வினிகரில் ஊறப்போட்டு, நுரை நின்றதும் வினிகரை மாற்றிக்கொண்டே வாருங்கள். அடியில் மணல் நிறையத் தங்கினால் மணற்கல். நுரையே வராமல் கத்திக்கும் மசியாவிட்டால் சிலிக்காப் பசை (மணலில் உள்ள அதே பொருள்); அதுதான் உழைக்கும். கல்லின் வெளிமுகத்தில் வினிகர் விடாதீர்கள்: அங்கே சிமென்ட் தெறித்திருந்தாலும் நுரைக்கும்!

மணிகளைச் சுற்றி உடையாமல் அவற்றை ஊடறுத்து வழவழப்பாக உடைந்தால் அது குவார்ட்சைட், அதாவது மணற்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகி உருமாறிய கல். தரைக்கு இன்னும் நல்லது.

கேள்வி: காஞ்சி கைலாசநாதர் கோயில் சிற்பங்கள் தேய்ந்திருக்க, மாமல்லபுரத்துச் சிற்பங்கள் அத்தனை கூர்மையாக இருப்பது ஏன்? (வாசகர், செய்யாறு)

பதில்: கல் வேறு. மாமல்லபுரத்துப் பாறை கருங்கல் இனம். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதருக்கு அடித்தளத்தில் கருங்கல், மேலே மணற்கல். செதுக்க இதமான கல். ஆனால் நீரை உறிஞ்சும். நீரோடு ஏறும் உப்பு, ஈரம் காயும்போது துளைகளுக்குள் படிகமாகி மணிகளைப் பிரித்துத் தள்ளும். முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். அதன்மேல் சிமென்ட் பூசுவது இன்னும் கேடு: ஈரம் வெளியேற வழியின்றி கல்லுக்குள்ளேயே நிற்கும்.

கேள்வி: மணற்கல் தரையில் கறை. ஆசிட் ஊற்றலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: வேண்டாம். சுண்ணாம்புப் பசை கரையும். இரும்பு இருந்தால் புது மஞ்சள் கறை வரும். வெதுவெதுப்பான நீர், நார் பிரஷ் போதும்.